அரபு ஐக்கியமும் அளவுகோலும்

1945-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் தேதி கெய்ரோ நகரில் அரபு லீக் ஸ்தாபிக்கப்பட்டது. இன்று அதில் 22 தேசங்கள் அங்கம் வகிக்கின்றன. அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலுள்ள மொராக்கோ முதல் அரபிக் கடலோரத்திலுள்ள ஓமான் வரையில் பரந்து கிடக்கும் இப்பிரதேசத்தில், பள்ளிக்கூடத்துக்கும் பத்திரிகைக்கும் நியாயஸ்தலத்துக்கும் ஒரே எழுத்துப் பாஷை வழங்குகிறது. ஐரோப்பாவிலோ, ஐக்கியம் கொண்டாடும் தேசங்கள் 24 பாஷைகளை உத்தியோக பாஷைகளாக வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தலைமுறைக்குள் இரண்டு மகா யுத்தங்களில் ஒன்றையொன்று நாசம் செய்துகொண்ட தேசங்களும் அவற்றில் உள. ஆயினும் அந்த ஐரோப்பிய தேசங்களின் வர்த்தகத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை ஒட்டி அவர்களுக்குள்ளேயே நடைபெறுகிறது. ஒரே பாஷை பேசும் அரபு தேசங்களின் வர்த்தகத்திலோ அவர்களுக்குள் நடப்பது பத்தில் ஒரு பங்கு அளவே.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன? மன்னர்களும் ஜனாதிபதிகளும் இடைவிடாது பூசலிடுவதே காரணம் என்று பலர் கூறுவர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, பொதுக்கூட்டங்களில் யாரும் பேசாத ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. அளவும் தரமுமே அவ்விஷயம். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள் அதை அற்பமென்று கருதுவது இயற்கை. அது அற்பமன்று என்பதையே இன்று வாசகர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

அந்நிய ஆதிக்கம் ஒரு தேசத்தை விட்டு நீங்கும்போது கொடி இறங்குகிறது; பட்டாளம் கப்பலேறுகிறது. ஆனால் அந்த ஆதிக்கம் போட்டுவைத்த தண்டவாளத்தின் அகலம் அப்படியே தங்கிவிடுகிறது. பெய்ரூத்திலிருந்து டமாஸ்கஸுக்குப் பிரெஞ்சுக் கம்பெனி அமைத்து 1895-இல் திறந்த ரயில்பாதையின் அகலம் 1,050 மில்லிமீட்டர். துருக்கி சுல்தான் அமைத்து 1908-இல் மதீனாவை எட்டிய ஹெஜாஸ் ரயில்பாதையும் அதே அகலத்தில் போடப்பட்டது. எகிப்தின் ரயில்பாதை 1,435 மில்லிமீட்டர். அதற்குத் தெற்கே சூடானில் 1,067. அல்ஜீரியாவில் சில பாதைகள் 1,435 ஆகவும் வேறு சில 1,055 ஆகவும் அமைந்தன. முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் பட்டாளம் பாஸ்ராவிலிருந்து பாக்தாத் நோக்கிப் போட்டது மீட்டர் அகலப் பாதை. அதற்கு வேண்டிய தண்டவாளங்களும் இஞ்சின்களும் நமது இந்தியாவிலிருந்தே ஏற்றிச் செல்லப்பட்டன. பாக்தாத் - பாஸ்ரா பாதையைச் சர்வதேச அகலத்தில் மீண்டும் அமைக்கும் செலவு பின்னர் சுதந்திர ஈராக்கின் தலையில் விழுந்தது.

மின்சாரத்திலும் இதே கதைதான். வளைகுடா ராஜ்யங்கள் ஆறில் ஐந்தில், பிரிட்டிஷ் வழக்கத்தையொட்டி, மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளின் செல்வாக்கு ஓங்கியிருந்த சவூதி அரேபியாவில் 60 முறை சுழல்கிறது. சாமான்களின் தரத்தை நிர்ணயிக்கும் விதிகளிலும் வட ஆப்பிரிக்க தேசங்கள் பிரெஞ்சுக்காரர் வழியைப் பற்றின. கிழக்கே பிரிட்டிஷ் வழியும் அமெரிக்க வழியும் கலந்தன. எகிப்து தனக்கென்று தர நிர்ணய ஸ்தாபனம் ஏற்படுத்தியது 1957-இல். சவூதி அரேபியா ஏற்படுத்தியது 1972-இல். ஆகவே, ஒரே பாஷையில் தொழுகை நடத்தும் மக்கள், ஒரே திருகாணியை வெவ்வேறு விதமாக அளந்து வந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

அரபுத் தலைவர்கள் பொருளாதார ஐக்கியத்தை அலட்சியம் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. 1950-இல் கூட்டுப் பாதுகாப்பையும் பொருளாதார ஒத்துழைப்பையும் பற்றி ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1957-இல் பொருளாதார ஐக்கிய ஒப்பந்தம் உருவாயிற்று. 1964-இல் எகிப்து, ஈராக், ஜோர்டான், சிரியா ஆகிய நான்கு தேசங்கள் பொதுச் சந்தை காணத் தீர்மானித்தன. இதுவரையில் ஐரோப்பியர்களுக்கு அவர்கள் பிந்தியவர்களல்லர். ஆனால் ஒவ்வொரு சர்க்காரும் தன் ஆலைகளைக் காக்க வேண்டி விதிவிலக்குப் பட்டியல்களை நீட்டிக்கொண்டே போயிற்று. பொதுச் சந்தை காகிதத்தில் நின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு மீண்டும் ஒரு முயற்சி தலையெடுத்தது. விசால அரபு சுதந்திர வர்த்தகப் பிரதேசம் என்னும் திட்டம் 1998 ஜனவரி 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு வீதம் சுங்கவரி குறைந்து, குறித்த காலத்துக்கு முன்னதாகவே, 2005 ஜனவரி முதல் அநேகமாக முற்றும் நீங்கிற்று. இது சாமானியமான காரியமன்று. 2009-இல் குவைத்தில் கூடிய பொருளாதார மகாநாடு இன்னும் ஒரு படி மேலே சென்று, 2015-க்குள் சுங்க ஐக்கியமும் 2020-க்குள் பொதுச் சந்தையும் காண உறுதி பூண்டது. அவ்விரு வருஷங்களும் கடந்துபோயின, உறுதி நிறைவேறவில்லை. வரி நீங்கியும் வர்த்தகம் ஏன் பெருகவில்லை?

வரி வசூலிப்பவன் எழுந்து போன நாற்காலியில் பரிசோதகன் வந்து உட்கார்ந்துகொண்டான் என்பதே இக்கேள்விக்கு விடை. ஒரு தேசத்தில் தயாரான மின்விசிறியோ, குழாயோ, டின்னில் அடைத்த உணவோ அடுத்த தேசத்தின் சுங்கச் சாவடிக்கு வருகிறது. வரி இல்லை. ஆனால், ‘எங்கள் விதிப்படி இது பரிசோதிக்கப்பட்டதா?’ என்று அங்கே கேட்கிறார்கள். பரிசோதித்த அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டினால், ‘அது உங்கள் பரிசோதனைசாலையின் பத்திரம், எங்களுக்குச் செல்லாது’ என்கிறார்கள். மாதிரி எடுத்து மறுபடியும் சோதிக்கிறார்கள். சரக்கு துறைமுகத்தில் காத்துக் கிடக்கிறது, வாடகை ஏறுகிறது. மருந்து வியாபாரத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஜோர்டான் தேசத்து மருந்துச் சாலைகள் தாங்கள் தயாரிப்பதில் பெரும்பங்கை ஏற்றுமதி செய்தே பிழைக்கின்றன. அவை ஒரே மாத்திரையை ஒவ்வொரு அரபு தேசத்திலும் தனித்தனியே பதிவு செய்யவேண்டும். தனித்தனியே விலை நிர்ணயம் பெறவேண்டும்.

நியாயஸ்தல விவகாரங்களில் பழக்கமுள்ளவர்களுக்கு இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு ஜில்லாக் கோர்ட்டில் பெற்ற டிக்ரியை மற்றொரு ஜில்லாவில் நிறைவேற்றவேண்டுமானால், வழக்கை அங்கே முதலிலிருந்து நடத்தவேண்டியதில்லை. முதல் கோர்ட்டின் தீர்ப்பை இரண்டாவது கோர்ட்டு மதிக்கிறது. அப்படி மதிப்பதற்கு இரண்டு கோர்ட்டுகளும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும். இரண்டிலும் விசாரணை ஒழுங்காக நடக்கிறது என்று மேலே ஒருவர் கண்காணிக்கவேண்டும். தர நிர்ணயமும் அத்தகையதே. எழுதப்பட்ட பொது விதி வேண்டும். விதிப்படி சோதிக்கும் பரிசோதனைசாலை வேண்டும். அப்பரிசோதனைசாலை நம்பத்தக்கதென்று சாட்சி சொல்லும் ஸ்தாபனமும் வேண்டும். இம்மூன்றில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு ஐக்கியம் வந்துவிட்டதென்று எண்ணுவது, சட்டப் புஸ்தகத்தை அச்சிட்டுவிட்டு நீதி கிடைத்துவிட்டதென்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

பெரிய காரியங்களை எடுத்த எடுப்பில் சாதிக்க முயன்றதன் பலனுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1975-இல் எகிப்து, சவூதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு எமிரேட்டுகள் ஆகிய நான்கும் சேர்ந்து, யுத்த தளவாடங்கள் தயாரிப்பதற்காக ‘அரபு கைத்தொழில் ஸ்தாபனம்’ ஒன்றை நிறுவின. மூலதனம் நூறு கோடி டாலருக்குச் சற்று மேல். பணம் வளைகுடாவினுடையது, ஆலைகளும் தொழிலாளரும் எகிப்தினுடையவை. பிரிட்டிஷ் கம்பெனியோடு சேர்ந்து ஹெலிகாப்டர் செய்வதற்கும் ஏற்பாடாயிற்று. 1979-இல் எகிப்து இஸ்ரேலுடன் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. உடனே மற்ற மூன்று தேசங்களும் விலகின. எகிப்து அரபு லீக்கிலிருந்தே நீக்கி வைக்கப்பட்டது. லீக்கின் காரியாலயம் டூனிஸுக்குப் பெயர்ந்தது. நான்கு தேசங்களின் கூட்டுச் சொத்தாகப் பிறந்த ஸ்தாபனம் எகிப்து ஒன்றன் சொத்தாக இன்று விளங்குகிறது.

அதே வருஷங்களில், அதே பூசல்களுக்கு நடுவில், பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வராத ஒரு காரியம் நடந்தது. அரபுத் தர நிர்ணய, அளவை ஸ்தாபனம் ஒன்று 1960-களில் உருவாகி, அம்மான் நகரைத் தலைமை இடமாகக் கொண்டு வேலை செய்து வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு கணினிக் கம்பெனியும் அரபு எழுத்துக்களுக்குத் தன் இஷ்டப்படி எண் கொடுத்து வந்தது. ஒரு யந்திரத்தில் எழுதியது மற்றொன்றில் குளறுபடியாகத் தோன்றும். அந்த ஸ்தாபனம் முதலில் ‘449’ என்னும் இலக்கமிட்ட விதியையும், பிறகு 1986-இல் ‘708’ என்னும் விதியையும் வகுத்தது. 1987-இல் சர்வதேச தர நிர்ணய ஸ்தாபனம் அதைத் தன் விதியாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் அரபு எழுத்துக்கள் நிற்கும் வரிசையும் அதையொட்டி அமைந்ததே. எகிப்து லீக்குக்கு வெளியே நின்ற காலம் அது. ஈராக்கும் ஈரானும் பொருத, அரபு தேசங்கள் அதில் இரு கட்சியாகப் பிரிந்திருந்த காலம் அது. தலைவர்கள் ஒரு மேஜையில் உட்கார மறுத்த நாட்களில், எழுத்துக்கள் ஒரு வரிசையில் வந்து நின்றன. பின்னர் இந்த ஸ்தாபனமும், கைத்தொழில் அபிவிருத்தி ஸ்தாபனமும், கனிப்பொருள் ஸ்தாபனமும் ஒன்றாக இணைக்கப்பட்டு, மொராக்கோவின் தலைநகரான ராபாத்தில் இருந்து நடைபெற்று வருகின்றன.

1981-இல் பிறந்த வளைகுடா ஒத்துழைப்புக் கௌன்சிலின் அனுபவமும் நமது கட்சியை வலியுறுத்துகிறது. சவூதி அரேபியாவின் மின்சாரம் 60 முறையும் அண்டை ராஜ்யங்களின் மின்சாரம் 50 முறையும் சுழல்வதைக் குறிப்பிட்டோம். யாராவது ஒருவர் தம் தேசத்து மோட்டார்களையெல்லாம் மாற்றட்டும் என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சவூதியில் அல்-ஃபாதிலி என்னுமிடத்தில், ஒரு சுழற்சியை மற்றொன்றாக மாற்றும் நிலையத்தை அமைத்தார்கள். அதன் சக்தி 1,800 மெகாவாட். 2009-இல் குவைத், பஹ்ரேன், கத்தார் ஆகியவை அதன் வழியே சவூதியுடன் இணைந்தன. பிறகு எமிரேட்டுகளும் ஓமானும் சேர்ந்தன. ஒரு தேசத்தில் யந்திரம் பழுதுபட்டால் மற்றத் தேசங்களிலிருந்து மின்சாரம் வந்து உதவுகிறது. 2004 முதல் ரியாத் நகரில் வேலை செய்துவரும் வளைகுடா தர நிர்ணய ஸ்தாபனம், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கும் வீட்டு மின்சாரச் சாமான்கள் பலவற்றுக்கும் ஒரே முத்திரையை ஏற்படுத்தியது. பாலைவனத்தின் கொடும் வெப்பத்தைத் தாங்கத்தக்க டயர்களுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் அது விதி வகுத்தது. குளிர் தேசத்தில் எழுதிய விதியைக் காப்பியடிக்காமல் தன் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற விதியைத் தானே எழுதுவதும் சுயராஜ்யத்தில் ஓர் அம்சம் என்பதை நமது வாசகர்கள் மறக்கலாகாது.

பரஸ்பரத் தேவை பூசலைத் தாங்குமா என்று சிலர் சந்தேகிக்கலாம். அதற்கும் இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறோம். 2017 ஜூன் மாதத்தில் சவூதி அரேபியா, எமிரேட்டுகள், பஹ்ரேன், எகிப்து ஆகியவை கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டன. தரை வழியும் ஆகாய வழியும் கடல் வழியும் அடைக்கப்பட்டன. 2021 ஜனவரி வரையில், மூன்றரை வருஷம், இந்நிலை நீடித்தது. ஆயினும் கத்தாரிலிருந்து எமிரேட்டுகளுக்குக் கடலடியில் செல்லும் டால்பின் குழாயில் எரிவாயு நிற்கவில்லை. வாங்குபவருக்கு அது மின்சாரம். விற்பவருக்கு அது வருமானம். இது முதற் சாட்சி. இரண்டாவது சாட்சி எதிர்த்திசையில் பேசுகிறது. அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குச் சென்ற எரிவாயுக் குழாய், அவ்விரு தேசங்களின் உறவு முறிந்த பின், 2021 அக்டோபர் முடிவோடு அடைக்கப்பட்டது. ஸ்பெயினுக்கு நேரே செல்லும் வேறு கடற்குழாய் அல்ஜீரியாவிடம் இருந்தது. மொராக்கோ வெறும் வழிப்பாதையாக இருந்ததேயன்றி, அதை விட்டால் அல்ஜீரியாவுக்கு வேறு கதியில்லை என்ற நிலை இல்லை. ஆகவே, இணைப்பு மட்டும் போதாது. இரு கட்சியாரும் அதை அறுத்தால் நஷ்டமடையும்படியான இணைப்பாக அது இருக்கவேண்டும்.

கூட்டு ஆலைகள் நிலைத்த இடங்களிலும் இந்த உண்மையைக் காண்கிறோம். சின்னஞ்சிறு தீவான பஹ்ரேனில் 1977-இல் திறக்கப்பட்ட கப்பல் பழுதுபார்க்கும் துறை, எண்ணெய் ஏற்றுமதி செய்யும் அரபு தேசங்களின் கூட்டு முதலீட்டால் எழுந்தது. 1979-இல் அங்கேயே நிறுவப்பட்ட ரசாயனக் கம்பெனியில் பஹ்ரேன், சவூதி, குவைத் மூன்றும் சம பங்கு கொண்டன. சிறியதான பஹ்ரேனுக்கும் பெரியதான சவூதிக்கும் ஒரே பங்கு! யாரும் யாரையும் விழுங்க முடியாத ஏற்பாடு இது.

நிற்க. நமது வாதத்துக்கு எதிரே சொல்லக்கூடியவற்றையும் கேட்போம். முதலாவது, அரபு தேசங்கள் பலவும் ஒரே சரக்கையே விற்கின்றன என்பது. பஹ்ரேன், எமிரேட்டுகள், கத்தார், ஓமான், சவூதி ஆகிய ஐந்தும் அலுமினியம் உருக்குகின்றன. எண்ணெயிலிருந்து பிறக்கும் ரசாயனங்களிலும் ஒன்றுக்கொன்று போட்டி. இருவரும் உப்பே விற்றால் அவர்களுக்குள் வியாபாரம் ஏது? இது மெய்யே. ஆனால் உலோகக் கட்டியோடு நிற்பதாலேயே இந்தப் போட்டி. அக்கட்டி தகடாகி, கம்பியாகி, ஜன்னலாகி, மோட்டார் உறுப்பாகும்போது வேலைப் பிரிவினைக்கு இடம் உண்டாகிறது. ஓர் ஊரில் வார்த்த உறுப்பு மற்றோர் ஊரில் பூட்டும் யந்திரத்தில் பொருந்தவேண்டுமானால் அளவு ஒன்றாக இருந்தாகவேண்டும். படித்த வாலிபர்களுக்கு வேலை கொடுப்பது இந்த இரண்டாம் கட்டத் தொழில்களேயன்றி எண்ணெய்க் கிணறு அன்று. கெய்ரோவிலும் அம்மானிலும் டூனிஸிலும் பட்டம் பெற்று உத்தியோகமின்றித் திரியும் இளைஞர்களின் கதி, முடிவில் இந்த அளவுகோலோடு பிணைந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் கனமானது. கடுமையான தர விதி, பரிசோதனைக் கட்டணம் செலுத்த வகையற்ற சிறு தொழிலாளியை நசுக்காதா? நசுக்கும், சர்க்கார் அவனைக் கைவிட்டால் நிச்சயம் நசுக்கும். ஆகையால் பொது விதி செய்கிறவர்கள் பொதுப் பரிசோதனைசாலைகளையும் பொதுச் செலவில் அமைக்கவேண்டும். பண வசதியுள்ள வளைகுடா ராஜ்யங்கள் அதற்கு உதவுவது தருமமன்று. தங்கள் சந்தையைப் பெருக்கிக்கொள்ளும் முதலீடேயாகும்.

மூன்றாவதாக, விதி என்பது கதவாகவும் இருக்கலாம், சுவராகவும் இருக்கலாம். 2021 ஜூலையில் சவூதி அரேபியா தன் இறக்குமதி விதிகளைத் திருத்திற்று. வளைகுடா நாடுகளின் சுதந்திர வர்த்தக வட்டங்களில் தயாரான சாமான்களுக்கும், உள்நாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கு 25-க்குக் குறைந்த கம்பெனிகளின் சாமான்களுக்கும் சுங்கச் சலுகை மறுக்கப்பட்டது. தன் பிரஜைகளுக்கு வேலை தேடுவது எந்தச் சர்க்காருக்கும் கடமை. ஆனால் சுங்க ஐக்கியத்தில் இருக்கும் ஒருவர், கூட்டாளிகளைக் கலந்து முடிவு செய்யாமல் தம் வாசலில் மட்டும் விதியை மாற்றினால், மற்றவர்கள் எதை நம்பி ஆலை கட்டுவார்கள்?

இந்நிலையில் 2022 மே மாதத்தில் எகிப்து, ஜோர்டான், எமிரேட்டுகள் ஆகியவை அபூதாபியில் செய்துகொண்ட கைத்தொழில் கூட்டுறவு கவனிக்கத்தக்கது. 1,000 கோடி டாலர் முதலீட்டு நிதி அறிவிக்கப்பட்டது. உணவும் உரமும், மருந்து, ஜவுளி, கனிப்பொருள், ரசாயனம் ஆகிய தொழில்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் பஹ்ரேன் சேர்ந்தது. பின்னர் மொராக்கோவும் சேர்ந்தது. எகிப்தின் ஜனத்தொகையும், ஜோர்டானின் பாஸ்பேட்டும் பொட்டாஷும், எமிரேட்டுகளின் பணமும் ஒன்றையொன்று நிரப்பக்கூடியவை. இருபத்திரண்டு பேரும் ஒரே நாளில் கையெழுத்திடவேண்டும் என்று காத்திராமல், இயன்ற சிலர் இயன்ற தொழில்களில் தொடங்கியது புத்திசாலித்தனம். ஆயினும் பணம் 1975-இலும் இருந்தது. இம்முறை பணத்தோடு விதியும் பரிசோதனையும் நம்பிக்கையும் சேருமா என்பதைப் பொறுத்தே பலன் இருக்கும்.

தமிழ் நாட்டுக்கு இதில் அக்கறை என்ன என்று கேட்போருக்கு ஒரு செய்தி நினைவூட்டுவோம். தூத்துக்குடியில் உரம் தயாரிக்கும் ஸ்பிக் கம்பெனி, 1990-களில் ஜோர்டானின் பாஸ்பேட் சுரங்கக் கம்பெனியோடும், அரபு சர்க்கார்கள் கூட்டாக நிறுவிய முதலீட்டுக் கம்பெனி ஒன்றோடும் சேர்ந்து, எஷிதியா சுரங்கத்தருகே பாஸ்பாரிக் அமிலச் சாலை ஒன்றை அமைத்தது. பாறையாகவே கப்பலேறிய பொருள் அந்த மண்ணிலேயே அமிலமாக மாறிற்று. பிற்காலத்தில் ஜோர்டானியர் அச்சாலையைத் தம் வசமாக்கிக்கொண்டனர். அதை நாம் குறைகூறோம். தன் மண்ணின் பொருளைத் தன் மண்ணிலே பண்டமாக்க விரும்பும் ஜனங்களோடு நமக்குப் போட்டி இல்லை. கூட்டுக்கு இடம் உண்டு.

அரபுத் தலைவர்கள் இனிச் செய்யவேண்டுவது புதிதாக ஒரு மகாநாடு கூட்டுவதன்று. ராபாத்திலும் ரியாத்திலும் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் விதிகளில், மருந்து, உணவு, மின்சாரச் சாமான், கட்டடப் பொருள் ஆகிய நான்கையாவது முதலில் எடுத்துக்கொண்டு, ஒரு தேசத்தின் அத்தாட்சிப் பத்திரம் மற்ற தேசத்தின் சாவடியில் மறுவிசாரணையின்றிச் செல்லும் என்று சட்டம் செய்யட்டும். மீறுபவரைக் கேட்க ஒரு நடுவர் மன்றம் இருக்கட்டும். ராஜீயப் பூசல் மூண்டாலும் பரிசோதனைசாலைகளின் கதவை மூடுவதில்லை என்று முன்கூட்டியே உடன்படட்டும்.

அரபு மக்களின் சுதந்திர வேட்கையில் நமக்கு என்றும் அனுதாபம் உண்டு. அவர்களுடைய ஐக்கியம் கீதத்திலும் பிரசங்கத்திலும் எண்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. அம்மானில் சோதித்த மருந்து அல்ஜியர்ஸின் ஆஸ்பத்திரியில் மறுவிசாரணையின்றி நோயாளிக்குக் கொடுக்கப்படும் நாள் வரட்டும். அன்றுதான் அந்த ஐக்கியத்தை ஏழைக் குடியானவனும் தன் வீட்டில் உணர்வான்.